மல்லாந்து நீந்தினாலும் நேராகப் போகலாம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். அழைப்பிதழ்ல தலைப்பு என்ன போடட்டும்?" என்றார். "மல்லாக்க நேரா நீந்துறதுன்னு போடுங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "தத்துவமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "இல்லப்பா, தண்ணிதான்" என்றேன். அழைப்பிதழில் 'சிறப்புரை' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அவர் சங்கடம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இன்று நான் தண்ணீரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் கற்றுக் கொண்டது. இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, மாமாவோ பெரியப்பா மகனோ மேலிருந்து பிடித்துத் தள்ளிவிடுவார்கள். நாலு மடக்குத் தண்ணீர் குடித்தால் ஐந்தாவது நாள் நீச்சல் வந்துவிடும். டவுனிலிருந்து வந்த நண்பர்களைக் கேட்டால், "நமக்குத் தெரிஞ்சது கடப்பாறை நீச்சல்தான்" என்பார்கள். கடப்பாறையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகுமோ அது!

கிணற்று நீச்சலில் ஒரு விசேஷம் பாருங்கள். அங்கே நேராகப் போக வேண்டிய தேவையே கிடையாது. எங்கள் ஊர்க் கிணறு வட்டக் கிணறு. எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்துப் பதினைந்து கை போட்டால் சுவர் வந்துவிடும். சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டியதுதான். மல்லாக்கப் படுத்து நீந்துவதும் தெரியும். வானத்தைப் பார்த்தபடி காலை உதைத்துக் கொண்டு சுற்றிச் சுற்றி வருவோம். கோணலாகப் போகிறோம் என்பதே தெரியாது. கிணறே வட்டமாக இருக்கும்போது கோணல் ஏது?

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கழுத்து வலி, தோள் வலி. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. பரிசோதித்த மருத்துவர், "உங்களுக்கு மல்லாந்த நீச்சல் நல்லது, செய்யுங்கள்" என்றார். (மற்றவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டுக் கொள்ளுங்கள். எனக்குச் சொன்னது எனக்கு.) அப்படித்தான் 61 வயதில் நீச்சல் குளத்தில் போய்ச் சேர்ந்தேன். 25 மீட்டர் நீளக் குளம். ஓரத்தில் நின்ற பயிற்சியாளர், கடற்கரை ஊரைச் சேர்ந்த தம்பி. அப்பா மீனவர். தம்பி கடலில் நீந்தக் கற்று, போட்டிகளில் ஜெயித்து, பிறகு பயிற்சி கொடுக்க வந்தவர்.

"சார், பேக் ஸ்ட்ரோக் வருமா?" என்றார்.

"கிணத்துல நல்லா வரும் தம்பி" என்றேன்.

"ஒரு தடவை போயிட்டு வாங்க, பாப்போம்."

போனேன். பத்து மீட்டர் தாண்டவில்லை, மிதவைக் கயிறு என் தோளைத் தொட்டது. கயிற்றைத் தள்ளிவிட்டு மறுபடி நீந்தினால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கயிறு. தம்பி சிரிக்கவில்லை. "கிணத்துல படிச்ச எல்லாரும் இப்படித்தான் சார் வருவாங்க. கையும் காலும் பலமா இருக்கு. கோடுதான் இல்ல. கோட்டை நாம போட்டுருவோம்" என்றார். அன்றிலிருந்து மூன்று மாதம் நான் மறுபடி மாணவன்.

இயற்பியல் படித்தவன் அல்லவா, முதல் நாளே வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். போட்டிக் குளத்தில் ஒரு தடத்தின் அகலம் 2.5 மீட்டர். நடுவில் நீந்தினால் இரண்டு பக்கமும் 1.25 மீட்டர்தான் மிச்சம். 25 மீட்டர் தூரத்தில் வெறும் 3 பாகை விலகினால் போதும், 1.3 மீட்டர் தள்ளிப் போயிருப்போம். அதாவது அக்கரை சேருவதற்குள் கயிற்றில் முட்டுவோம். நம் உடம்பின் அகலத்தையும் சேர்த்தால் அதற்கும் முன்பே முட்டுவோம். ஒலிம்பிக் குளம் 50 மீட்டர் என்றால் ஒன்றரைப் பாகைக்கு மேல் இடமில்லை. கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. அதில் கால் பங்குதான் ஒன்றரைப் பாகை. அவ்வளவு துல்லியத்தைக் கண்ணால் பார்க்காமலே பிடிக்க வேண்டும்!

மாணவர்களுக்காக இந்த நீச்சலின் கதையையும் இரண்டு வரியில் சொல்லி விடுகிறேன். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் மல்லாந்த நீச்சல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. தூரம் 200 மீட்டர். நடந்த இடம் குளம் அல்ல, செய்ன் ஆறு. 1912-இல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவின் ஹாரி ஹெப்னர் கைகளை மாற்றி மாற்றிப் போட்டு 100 மீட்டரில் தங்கம் வென்றார். இன்று நாம் பார்க்கிற முறை அதன் வழியில் வந்ததுதான். பெண்களுக்கு 1924-இல் இந்தப் போட்டி வந்தது. 1988 சோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃப் என்ற அமெரிக்கர் ஆரம்பத்தில் முப்பது மீட்டருக்கு மேல் தண்ணீருக்கு அடியிலேயே போனார். அதன் பிறகு அடியில் போகும் தூரத்துக்கு விதி கொண்டு வந்தார்கள். இப்போது 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். நம் நாட்டிலிருந்து 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜும் அகமதாபாத்தின் மானா படேலும் இந்த நீச்சலில்தான் கலந்து கொண்டார்கள். நான்கு வகை நீச்சலில் இது ஒன்றுதான் மேடையிலிருந்து குதிக்காமல் தண்ணீருக்குள் இருந்தபடியே தொடங்குவது. போகிற இடத்தைப் பார்க்காமல் போவதும் இது ஒன்றுதான்.

சரி, ஏன் கோணுகிறது? தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் காரணம் தலை. எங்கே போகிறோம் என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தலை இடது பக்கம் திரும்பினால் தோளும் திரும்பும், பின்னாலேயே இடுப்பும் போகும். தலையைத் தூக்கி முன்னால் பார்த்தால் இடுப்பு தாழும், கால் மூழ்கும். காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், முகம் மேலே பார்க்க வேண்டும், தலை அசையவே கூடாது. இதற்குத் தம்பி கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? நெற்றியில் பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கப்பை வைத்துவிட்டு, அது விழாமல் காலை மட்டும் உதைத்து வரச் சொன்னார். 61 வயதில் நெற்றியில் கப்போடு மிதந்து வருகிறேன். பக்கத்துத் தடத்தில் நீந்திய ஒரு பொடியன், "தாத்தா சர்க்கஸ் பண்றாரு" என்று அவன் அம்மாவிடம் சொன்னான். ஆனாலும் தலை நின்றது.

இரண்டாவது காரணம் கை விழுகிற இடம். தலைக்கு நேர் மேலே 12 மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். இடது கை 11 மணியிலும் வலது கை 1 மணியிலும் தண்ணீரில் இறங்க வேண்டும், சுண்டுவிரல் முதலில் போக வேண்டும். பெரும்பாலோருக்குக் கை தலையைத் தாண்டி அடுத்த பக்கம் விழுந்துவிடும். அப்போது இடுப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அடுத்த கைக்கு இந்தப் பக்கம். வரப்பில் சாரைப்பாம்பு போகிற மாதிரி உடம்பு நெளியும். வேடிக்கை என்னவென்றால், கை எங்கே விழுகிறது என்று நமக்குத் தெரிவதே இல்லை. சரியாக 11-இல் வைத்தோம் என்று மனசு சொல்லும், கை 12-ஐத் தாண்டியிருக்கும். அதனால் தம்பி, "10 மணிக்கும் 2 மணிக்கும் வைங்க சார்" என்பார். அப்படி நினைத்து வைத்தால்தான் கை 11-க்கும் 1-க்கும் வந்து சேரும்.

மூன்றாவது, இரண்டு கையின் பலம் ஒன்றாக இல்லாதது. படகில் வலப்பக்கத் துடுப்பை ஓங்கிப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். உடம்பும் அப்படித்தான். சுண்ணக்கட்டி பிடித்த என் வலது கை ஓங்கி இழுக்கும், நான் இடது பக்கம் ஒதுங்குவேன். பலமான கையைக் குறைக்க வேண்டாம் என்றார் தம்பி. தினமும் நான்கு நீளம் இடது கையால் மட்டும் நீந்தச் சொன்னார். தோள் இரண்டும் ஒரே அளவு உருள வேண்டும் என்றார். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்.

ஒரு மாதத்தில் இவையெல்லாம் ஓரளவு படிந்துவிட்டன. இனிமேல் கயிற்றில் முட்ட மாட்டேன் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் கண்ணை மூடிக் கொண்டு நீந்தச் சொன்னார் தம்பி. மூடிக் கொண்டு நீந்தினேன். கயிறு வந்து தொட்டது. தலை அசையவில்லை, கை சரியாக விழுந்தது, பலமும் சமம். அப்படியும் கோணல்!

இது ஏன் என்பதற்கு ஓர் அருமையான ஆராய்ச்சி இருக்கிறது. ஜெர்மனியில் ஜான் சௌமன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்டார்கள். ஆட்களை ஜெர்மனியில் ஒரு பெரிய காட்டிலும் துனிசியாவில் சஹாரா பாலைவனத்திலும் கொண்டுபோய் விட்டு, நேராக நடந்து போங்கள் என்றார்கள். சூரியன் தெரிந்தபோது நேராகப் போனார்கள். காட்டுக்குள் வானம் மூடிக் கொண்டபோது சுற்றிச் சுற்றி வந்தார்கள், தாங்கள் நடந்த பாதையையே குறுக்கே வெட்டினார்கள். ஆனால் நேராகப் போவதாகவே நினைத்துக் கொண்டிருந்தார்கள். கண்ணைக் கட்டி நடக்க விட்டபோது 20 மீட்டர் விட்டமுள்ள சின்ன வட்டம்கூட அடித்தார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதால் வருகிற கோளாறா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. 'நேர்' என்று நமக்குள் இருக்கிற உணர்வு ஒவ்வோர் அடியிலும் துளித்துளியாகப் பிசகுகிறது. பிசகு மேல் பிசகு சேர்ந்து வட்டமாகிவிடுகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று விளங்கியது. கை கால் சமமாக இருந்தால் மட்டும் நேராகப் போக முடியாது. நேர் என்பது நமக்குள்ளே சேமித்து வைத்திருக்கிற சரக்கு இல்லை. வெளியே இருக்கிற ஒன்றைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கை வீச்சுக்கும் அதைக் கடன் வாங்கிக் கொண்டே இருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளை குற்றாலீஸ்வரன் 1994-இல் சின்ன வயசிலேயே பாக் நீரிணையைக் கடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்படிக் கடல் கடக்கிறவர்கள் யாராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு படகு கூடவே போகும். நீந்துகிறவர் படகைப் பார்த்து நீந்துவார், திசை பார்ப்பது படகோட்டியின் வேலை. பாராலிம்பிக்கில் முழுப் பார்வையற்றோர் பிரிவில் எல்லோரும் கறுப்படித்த கண்ணாடி அணிந்துதான் நீந்த வேண்டும். அவர்களில் சிலர் தடத்துக் கயிற்றைக் கையால் லேசாக உரசிக் கொண்டே நேராகப் போவதைப் பார்க்கலாம். சுவர் நெருங்கும்போது கரையில் நிற்கும் உதவியாளர், நுனியில் மெத்தென்ற பந்து வைத்த நீளக் கோலால் லேசாகத் தட்டுவார். தட்டியதும் திரும்புவார்கள். உலகத்திலேயே வேகமாக நீந்துகிறவர்களும் அந்தக் கயிற்றையும் கோலையும் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை.

நானும் தம்பியிடம் கேட்டேன். "கண்ணைத் திறந்தா வானம்தான் தெரியுது. எதைப் பாத்து நேரா போறது?"

"அசையாததைப் பாருங்க சார்" என்றார்.

கூரையுள்ள குளம் என்றால் கூரையின் இரும்புச் சட்டம் இருக்கும். அதோடு ஒட்டியே போகலாம். எங்கள் குளம் திறந்த குளம். முதலில் ஒரு மேகத்தைப் பிடித்துக் கொண்டு போனேன். மேகம் போன பக்கமெல்லாம் நானும் போனேன். "மேகம் நம்ம கூடச் சேர்ந்து நகரும் சார், அதை நம்பக் கூடாது" என்றார் தம்பி. பிறகு ஓரக் கண்ணில் தெரிகிற மிதவைக் கயிறு, உடை மாற்றும் அறையின் மேல்தள விளிம்பு, விளக்குக் கம்பம் இவற்றைப் பிடித்துக் கொண்டேன். தலையைத் திருப்பாமலே இவை கண்ணுக்குள் வரும். கயிறு என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறதா, அரை முழத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, அடுத்த கையிலேயே லேசாகத் திருத்தலாம். பெரிதாகத் திருத்தினால் எதிர்ப்பக்கம் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி திருத்த வேண்டும்.

சுவர் எப்போது வரும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால், தண்ணீர் மட்டத்திலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேலே போனதும் எண்ணத் தொடங்க வேண்டும். எனக்கு ஆறு கை. ஆறாவது கை நீளும்போது சுவர் விரலில் படும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று மாத முடிவில் கயிற்றைத் தொடாமல் 25 மீட்டர் போய்ச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் 31 கை போட்ட தூரத்துக்கு 24 கை போதுமானதாக இருந்தது.

இனி, கயிறும் கொடியும் இல்லாத தண்ணீருக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்கள் நாலைந்து பேரைத் தன் ஊர்க் கடலுக்குக் கூட்டிப் போனார். அலை இல்லாத அமைதியான கடல். பக்கத்தில் அவருடைய அப்பா வள்ளத்தில் துணைக்கு வந்தார். மல்லாந்து படுத்தேன். கயிறு இல்லை, கூரை இல்லை. "சார், கால் பக்கம் பாருங்க, கரையில என்ன தெரியுது?" என்றார் தம்பி. மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் தேரி மேட்டில் ஒற்றைப் பனை. "ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்குதா? அப்படியே நிக்க வச்சுக்கிட்டு கையைப் போடுங்க. பனை கோபுரத்துக்கு வலப்பக்கம் வந்திருச்சுன்னா நீங்களும் வலப்பக்கம் ஒதுங்கிட்டீங்கன்னு அர்த்தம்."

இது அவர் அப்பாவின் வித்தை. கடலில் பாறை இருக்கிற இடத்தையும் மீன் படுகிற இடத்தையும் மீனவர்கள் இப்படித்தான் குறித்து வைத்துக் கொள்வார்கள். கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் நின்றால் ஒரு நேர்கோடு கிடைக்கும். ஒரு பொருளை மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பார்த்தபடியே வளைந்து போய்விடலாம். இரண்டு வேண்டும், ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில்.

இந்த நீச்சலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான் நண்பர்களே. போகிற கரை தெரியாது. வந்த கரை நன்றாகத் தெரியும். புறப்பட்ட இடத்தில் இரண்டு அடையாளங்களைச் சரியாகப் பிடித்துக் கொண்டால், தெரியாத கரைக்கு நேராகப் போய்ச் சேரலாம். வருஷா வருஷம் நாமெல்லாம் எங்கெங்கிருந்தோ இங்கே வந்து, ஆய்வுக்கூடத்தையும் ஆலமரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறோமே, அதில் பழைய நினைப்பு மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நான் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

1979-இல் படிப்பை முடித்த எங்கள் அணியின் புகைப்படம் அலுவலக வராந்தாவில் இருக்கிறது. அதில் ஒருவன் இல்லை. அவன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் அணியினருக்குத் தெரியும். வட்டக் கிணற்றில் எனக்கு இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் கற்றுக் கொடுத்தவன் அவன்தான். எங்கள் வகுப்பிலேயே அவனைப் போல் நீந்துகிறவர்கள் கிடையாது. 1978 ஐப்பசியில் ஒரு விடுமுறை நாளில் ஏழெட்டுப் பேராகத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனோம். மலையில் மழை பெய்து ஆறு நிறைந்து போய்க் கொண்டிருந்தது. அவன் அக்கரை வரை போய்விட்டுத் திரும்பினான். நடு ஆற்றில் இழுப்பு அதிகம். அவன் எங்களைப் பார்த்து, துணி வைத்திருந்த படித்துறையைப் பார்த்து, நேராக வரப் பார்த்தான். ஆறு கீழே இழுக்க இழுக்க, அவன் மேலே மேலே அடித்து நீந்தினான். எவ்வளவு பலசாலி என்றாலும் ஆற்றை எதிர்த்து எவ்வளவு நேரம் அடிக்க முடியும்? கரையிலிருந்து வேட்டியை முடிச்சுப் போட்டு வீசிப் பார்த்தோம். எட்டவில்லை.

அவன் அம்மா பிறகு பல வருஷம் கல்லூரி வாசல் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறியதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்று எனக்குத் தெரிந்ததை இந்நாள் மாணவர்களுக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஓடுகிற ஆற்றில் மாட்டிக் கொண்டால், புறப்பட்ட படித்துறைக்கே திரும்ப வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். மல்லாந்து படுங்கள். காது தண்ணீரில், மார்பு மேலே, நெஞ்சு நிறையக் காற்று. கால் ஆறு போகிற பக்கம் இருக்கட்டும். பாறை வந்தால் காலில் படும், தலையில் படாது. ஆற்றின் போக்கோடு போய்க் கொண்டே, கையை மெதுவாகப் போட்டுச் சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். கரையில் நிற்கிற ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் பார்த்தால், ஆறு உங்களை எவ்வளவு வேகமாகக் கொண்டு போகிறது, நீங்கள் கரையை நெருங்குகிறீர்களா என்று தெரிந்துவிடும். அரை கிலோமீட்டர் கீழே கரையேறினாலும் பரவாயில்லை. நடந்து வந்து துணியை எடுத்துக் கொள்ளலாம்.

கரையில் நிற்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பயிற்சி இல்லாதவர்கள் காப்பாற்றக் குதிக்காதீர்கள். ஒருவர் போன இடத்தில் இருவர், மூவர் போவது இப்படித்தான். கயிறு, கம்பு, வேட்டி, மூடி போட்ட காலிக் கேன், எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். "மல்லாக்கப் படு" என்று கத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு நிறைந்து போகும்போது இறங்கவே இறங்காதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்திருக்கிறது. நம் பக்கத்தில் கிணறு, குளம், கல்குவாரிக் குட்டை, ஆறு, கடல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நீச்சல் தெரிந்த பிள்ளைகள் குறைந்து கொண்டே வருகிறார்கள். கிணறு தூர்ந்துவிட்டது, இல்லையென்றால் தண்ணீர் அடியில் போய்விட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் கிணற்றில் குதித்ததெல்லாம் பையன்கள்தான். அக்கா தங்கச்சிகள் மேலே நின்று துணிக்குக் காவல் இருந்தார்கள். அந்தக் கணக்கையும் இப்போது நேர் செய்ய வேண்டும்.

அதனால் எங்கள் 1979 அணியினர் கூடிப் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். இந்த ஆண்டு நம் கல்லூரி மாணவ மாணவியர் 40 பேருக்கு, 20 மாணவர், 20 மாணவியர், மூன்று மாத நீச்சல் பயிற்சிக் கட்டணத்தை நாங்கள் ஏற்றுக் கொள்கிறோம். நான் சொன்ன அதே தம்பிதான் பயிற்சி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். மாணவியருக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டு. மெடல் வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை. மூன்று சோதனைகள் மட்டும். ஆழமான தண்ணீரில் கவிழ்ந்த நிலையிலிருந்து தானாக மல்லாந்து, ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். கயிற்றைத் தொடாமல் 25 மீட்டர் மல்லாந்து நேராகப் போக வேண்டும். கரையில் நின்றபடி 10 மீட்டர் தள்ளி மிதக்கும் நண்பனின் கைக்கு எட்டும்படி கயிற்றை எறிய வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு 1980 அணியினர் எடுத்துக் கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர்கள் எப்போதும் எங்களைவிட ஒரு படி மேலே என்று மேடைக்கு மேடை சொல்லிக் கொள்வார்கள், பார்ப்போம்!

விண்ணப்பப் படிவம் வரவேற்பு மேசையில் இருக்கிறது. நீச்சல் அறவே தெரியாதவர்களுக்கு முதலிடம். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் மேசை. மாணவச் செல்வங்கள் பந்திக்கு ஓடுகிற வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன்.